பிரசவ அதிர்ச்சிக்கு இப்போதே சிகிச்சையா, குழந்தை கொஞ்சம் வளரட்டுமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன், தவறியிருந்தால் திருத்துங்கள். ஐந்து மாதங்களுக்கு முன் அவசர சிசேரியன். வெளியே எடுத்தபின் குழந்தை அழவில்லை. யாரோ தூக்கிக்கொண்டு ஓடினார்கள். உங்களிடம் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. மூன்று நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்திருந்து, நான்காம் நாள் கையில் கொடுத்தார்கள். இன்று குழந்தை நன்றாக இருக்கிறது, சிரிக்கிறது. நீங்களோ குளிப்பாட்டிக்கொண்டிருக்கும்போது திடீரென்று அந்த அறைக்குப் போய்விடுகிறீர்கள். குழந்தை அயர்ந்து தூங்கும்போதும் மூக்கருகே விரல் வைத்துப் பார்க்கிறீர்கள். தடுப்பூசிக்கு அந்த மருத்துவமனைக்குக் கணவர்தான் தூக்கிப் போகிறார். மருத்துவர் டிராமா தெரபிக்கு, அதாவது அதிர்ச்சிக்கான மனச் சிகிச்சைக்கு, போகச் சொல்கிறார். தோழி ‘ஆறுகிற புண்ணைக் கிளறாதே’ என்கிறார். இப்போதே போவதா, குழந்தைக்கு ஒரு வயது ஆகட்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் நடுவில் ஒரு வரி இருக்கிறது: ‘இப்போது உடைந்துபோக எனக்கு நேரமில்லை.’ எனக்கு அதுதான் கேள்வியாகத் தெரிகிறது. இதைத் திறந்துவிட்டால், ராத்திரி இரண்டு மணிக்குக் குழந்தை அழும்போது எழுந்து பால் கொடுக்க என்னால் முடியுமா என்றுதானே கேட்கிறீர்கள்?

முடியும். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதற்குக் கொஞ்சம் விளக்கம் தேவை. நான் உளவியலாளர், பதினெட்டு ஆண்டுகளாக என்னிடம் வருபவர்களில் பெரும்பாலோர் பிள்ளை பெற்று ஓராண்டு ஆகாத தாய்மார்களும் தகப்பன்மார்களும்தான். மருந்து எழுதுகிற வேலை என்னுடையதல்ல, அதனால் மருந்தைப் பற்றிப் பொதுவாக மட்டுமே சொல்வேன். உங்களை நேரில் பார்க்காமல் உங்களுக்கு இன்ன நோய் என்று பெயர் வைக்கவும் மாட்டேன். நீங்கள் எழுதியதை வைத்து, உங்கள் மருத்துவர் ஏன் அப்படிச் சொல்லியிருப்பார் என்று விளக்க முடியும். அவ்வளவுதான் என் எல்லை.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். பிரசவத்துக்குப் பின் வரும் மன வேதனை எல்லாவற்றுக்கும் ஒரே பெயர் வைத்துவிடுகிறோம். பிள்ளை பெற்ற மூன்றாம் நாள், ஐந்தாம் நாள் வாக்கில் காரணமில்லாமல் அழுகை வருவது பாதிக்கும் மேற்பட்ட தாய்மார்களுக்கு உண்டு. இரண்டு வாரத்துக்குள் தானாக அடங்கிவிடும். மனச்சோர்வு வேறு. அது வாரக்கணக்கில் நீளும், எதிலும் பிடிப்பில்லாமல் செய்யும், தன்னைத் தானே வெறுக்க வைக்கும். தாய்மார்களில் 100-க்கு 10 முதல் 15 பேருக்கு வருகிறது. நீங்கள் விவரிப்பது மூன்றாவது வகையோடு அதிகம் ஒத்துப்போகிறது. நடந்தது கேட்காமலே கண்முன் வந்து நிற்பது, அதை நினைவூட்டும் இடங்களை விட்டு விலகுவது, ‘என்னால்தான்’ என்ற குற்ற உணர்ச்சி, உடம்பு எந்நேரமும் விழிப்பாகவே இருப்பது. இந்த நான்கும் சேர்ந்து ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து, அன்றாட வாழ்க்கையைக் குலைத்தால் அதை அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்த நோய் என்கிறோம், சுருக்கமாக பி.டி.எஸ்.டி. மனச்சோர்வும் இதுவும் கைகோத்து வருவது அடிக்கடி நடக்கும். ஆனால் சிகிச்சை ஒன்றல்ல. மனச்சோர்வுக்கு மட்டும் வைத்தியம் பார்த்துவிட்டு இதை விட்டுவிட்டால், பாதி சரியாகி மீதி அப்படியே நிற்கும். மனச்சோர்வைக் கண்டறியப் பல இடங்களில் கொடுக்கும் எடின்பரோ கேள்வித்தாள் 1987-இல் வந்தது. கடந்த ஏழு நாள் மனநிலையைப் பற்றி 10 கேள்விகள். நல்ல கருவிதான், ஆனால் பிரசவக் காட்சி திரும்பத் திரும்ப வருகிறதா என்று அதில் ஒரு கேள்விகூட இல்லை. அதனால் இந்த வகைத் தாய்மார்கள் சிலர் அதில் நல்ல மதிப்பெண் வாங்கி வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். பிரசவ அதிர்ச்சிக்கென்றே சூசன் அயர்ஸ் குழுவினர் 2018-இல் வெளியிட்ட சிட்டி அளவுகோல் 29 கேள்விகள் கொண்டது. அதைப் பற்றி உங்கள் தெரபிஸ்டிடம் கேளுங்கள்.

‘குழந்தைதான் நன்றாக இருக்கிறதே, அழுவதற்கு எனக்கு என்ன உரிமை?’ என்றும் எழுதியிருந்தீர்கள். இந்த வாக்கியத்தைக் கேட்காத வாரமே எனக்கு இல்லை. அந்த நேரத்தில் உங்கள் மனதுக்கு என்ன தெரிந்தது என்பதைத்தான் நாங்கள் கணக்கில் எடுக்கிறோம். பின்னால் வந்த நல்ல செய்தி அந்த நிமிடத்தில் உங்களிடம் இல்லை. ஏறக்குறைய மூன்றில் ஒரு தாய் தன் பிரசவத்தை அதிர்ச்சியான அனுபவமாகச் சொல்கிறார். அவர்களில் பலர் தாமாகவே தேறிவிடுகிறார்கள். முழு நோயாக மாறுவது பொதுவாகப் பார்த்தால் 100-க்கு 3, 4 பேருக்கு. அவசர அறுவை, குறைப்பிரசவம், குழந்தை ஐசியூவில் இருந்தது போன்ற நிலைகளில் 100-க்கு 15-க்கும் மேல் போகிறது. அந்த அறையில் இருந்தவர்கள் உங்களோடு பேசினார்களா, என்ன நடக்கிறது என்று சொன்னார்களா என்பதும் பெரிய வித்தியாசத்தை உண்டாக்குகிறது. உடலுக்குப் பெரிய ஆபத்து இல்லாத பிரசவத்திலும், யாரும் ஒரு வார்த்தை சொல்லாமல் விட்டதால் நொறுங்கிப்போனவர்களைப் பார்த்திருக்கிறேன். மிக ஆபத்தான பிரசவத்தில், தலைமாட்டில் நின்று கையைப் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டே இருந்த ஒரு நர்ஸால் தப்பித்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

இனி ‘கிளறுவது’ பற்றி. சாதாரண நினைவுக்கு ஒரு தேதி இருக்கும். ‘அது போன வருஷம் நடந்தது’ என்று மனதுக்குத் தெரியும். பயங்கரமான நேரத்தில் பதிந்த நினைவில் அந்தத் தேதி சரியாக ஒட்டுவதில்லை. துண்டு துண்டாக, வாசனையாக, சத்தமாக, விளக்கு வெளிச்சமாகக் கிடக்கிறது. அதனால் அது வரும்போது ‘நினைவு வருகிறது’ என்று தோன்றாமல் ‘நடக்கிறது’ என்று தோன்றுகிறது. அன்கே ஏலர்ஸ், டேவிட் கிளார்க் என்ற இரு உளவியலாளர்கள் 2000-இல் எழுதிய விளக்கத்தின் சாரம் இதுதான்: முடிந்துபோன ஒன்று இப்போதும் ஆபத்தாகவே தெரிகிறது, அதற்கு இப்படித் தைக்கப்படாமல் கிடக்கும் நினைவு ஒரு காரணம், ‘என்னால்தான்’ போன்ற முடிவுகள் இன்னொரு காரணம், விலகி விலகிப் போவது இரண்டையும் காப்பாற்றிவைக்கும் மூன்றாவது காரணம். நீங்கள் அந்தச் சாலையைத் தவிர்க்கிறீர்கள், அந்தப் பேச்சைத் தவிர்க்கிறீர்கள். அந்த அறுவை அறையில் கதை பாதியிலேயே நின்றுவிட்டது. தெரபி அதன் மீதிப் பாதியை எழுதி முடிக்கிறது.

உங்கள் தோழி சொன்னதிலும் ஓர் உண்மை இருக்கிறது, அதை மறைக்க விரும்பவில்லை. ஒரு துயரம் நடந்த ஓரிரு நாளில், பாதிக்கப்பட்டவரை உட்காரவைத்து ‘எல்லாவற்றையும் சொல்லிக் கொட்டு’ என்று ஒரே அமர்வில் பேசவைக்கும் முறை ஒரு காலத்தில் பரவலாக இருந்தது. ஆராய்ந்து பார்த்தபோது அது நோயைத் தடுக்கவில்லை. சில ஆய்வுகளில் நிலைமை மோசமாகவும் ஆனது. இங்கிலாந்தில் மருத்துவ வழிகாட்டிகளை வெளியிடும் நைஸ் அமைப்பின் 2018 வழிகாட்டி அதைச் செய்யாதீர்கள் என்றே சொல்கிறது. ஆகவே ஆயத்தமில்லாமல், ஆதரவில்லாமல், பாதியில் விட்டுவிடும் கிளறல் உதவாது. உங்களுக்குச் சொல்லியிருக்கும் டிராமா தெரபி அதுவல்ல. அதே வழிகாட்டி பரிந்துரைப்பது, அதிர்ச்சியை மையமாகக் கொண்ட அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையை, அதாவது சி.பி.டி.யை, வழக்கமாக 8 முதல் 12 அமர்வுகள். அடுத்ததாக, கண்ணசைவைப் பயன்படுத்தும் இ.எம்.டி.ஆர். இரண்டிலும் முதல் ஓரிரு அமர்வில் நினைவைத் தொடவே மாட்டோம். தூக்கம் எப்படி, வீட்டில் யார் துணை, பதற்றம் ஏறினால் எப்படி இறங்குவது என்பதுதான் பேச்சு.

ஒரு சின்ன சம்பவம் சொல்கிறேன். ஆள் அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். ஒருவர் என் அறைக்கு வந்த முதல் இரண்டு முறையும் நாற்காலியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் தள்ளிக்கொண்டே போனார். என்னைக் கண்டு கூச்சம் என்று நினைத்தேன். மூன்றாம் முறைதான் அவர் பார்வை எங்கே போகிறது என்று கவனித்தேன். என் மேஜையில் கை துடைக்கும் சானிடைசர் பாட்டில். அந்த வாசனைதான் அவருக்கு அறுவை அறை. பாட்டிலை நான் உடனே எடுத்து உள்ளே வைத்திருக்கலாம். அன்றைக்கு அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அதற்குப் பதில் அவர் சம்மதத்தோடு அதை அங்கேயே வைத்துக்கொண்டு, அன்றைக்கும் இன்றைக்கும் என்ன வித்தியாசம் என்று ஒவ்வொன்றாகத் தேடினோம். அன்று படுத்திருந்தார், இன்று உட்கார்ந்திருக்கிறார். அன்று இடுப்புக்குக் கீழ் மரத்திருந்தது, இன்று பாதம் தரையில் படுகிறது. அன்று குழந்தை எங்கே என்று தெரியாது. இன்று அவர் கைப்பையில் குழந்தையின் ஒற்றைக் காலுறை கிடந்தது. அதை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். ஆறாவது அமர்வில் அந்தச் சானிடைசரைக் கையில் ஊற்றித் தேய்த்துவிட்டு, ‘நாறுகிறது, அவ்வளவுதான்’ என்றார். டிராமா தெரபியின் பெரும்பகுதி இப்படிப்பட்ட வேலைதான்.

நினைவுக்குள் போகும் வேலையும் உண்டு, அதையும் உள்ளபடி சொல்லவேண்டும். நடந்ததை ஒருமுறை தொடக்கத்திலிருந்து சொல்வீர்கள் அல்லது எழுதுவீர்கள். அதில் நெஞ்சு அடைக்கும் இடம் ஒன்றிரண்டு இருக்கும். அந்த இடத்தில் உங்கள் மனம் என்ன முடிவுக்கு வந்தது என்று பார்ப்போம். இன்னொரு தாய்க்கு அந்த இடம், ‘சத்தமே இல்லை, போய்விட்டான்’ என்பது. அவர் நினைவில் அந்த மௌனத்துக்கு முடிவே கிடையாது. மருத்துவக் குறிப்பின் நகலை வாங்கிவரச் சொன்னேன். பிறந்த 1-ஆம் நிமிடமும் 5-ஆம் நிமிடமும் குழந்தையின் நிறம், இதயத் துடிப்பு, மூச்சு, தசை இறுக்கம், தூண்டினால் காட்டும் எதிர்வினை ஆகியவற்றைப் பார்த்து மதிப்பெண் போடும் வழக்கம் 1950-களில் வர்ஜீனியா ஆப்கார் கொண்டுவந்தது. அதனால் பெரும்பாலும் நேரக் கணக்கு தாளில் இருக்கும். அவர் மகன் மூன்றாம் நிமிடம் பக்கத்து அறையில் அழுதிருந்தான். அது அவருக்குத் தெரியாமலே ஏழு மாதம் ஓடியிருந்தது. அதன்பிறகு அந்த இடத்தை மறுபடி சொல்லும்போது இடையில் நிறுத்தி, ‘இப்போது எனக்குத் தெரியும், அவன் பக்கத்து அறையில் அழுதான், இன்று காலை என் கண்ணாடியைப் பிடுங்கினான்’ என்று சேர்த்துச் சொன்னார். நாலைந்து முறை. நினைவு அழியவில்லை, அதற்கு ஒரு முடிவு கிடைத்தது. உங்கள் பிரசவக் குறிப்பையும் கேட்டு வாங்கிவையுங்கள். தனியாக உட்கார்ந்து படிக்கவேண்டாம். மூடிய உறையோடு தெரபிஸ்டிடம் கொண்டுபோங்கள்.

இ.எம்.டி.ஆரில் பேச்சு இதைவிடக் குறைவு. நினைவை மனதில் நிறுத்திக்கொண்டு தெரபிஸ்டின் விரலசைவைக் கண்ணால் இடமும் வலமும் பின்தொடர்வீர்கள். 1987-இல் பிரான்சின் ஷப்பிரோ தொடங்கிவைத்தது. பி.டி.எஸ்.டி.க்கு அது பலன் தருகிறது என்பதில் சந்தேகமில்லை. கண்ணசைவுக்கு அதில் எவ்வளவு பங்கு என்பதில் இன்றும் விவாதம் உண்டு. இரண்டு வேலையை ஒரே நேரத்தில் செய்யும்போது நினைவின் கூர்மை மழுங்குகிறது என்ற விளக்கம்தான் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. விலாவாரியாகச் சொல்ல வாய் வராதவர்களுக்கு நான் இதைத்தான் முதலில் சொல்வேன்.

எது உறுதி, எது உறுதியில்லை என்பதைப் பிரித்துச் சொல்லவேண்டும். மேலே சொன்ன இரண்டு சிகிச்சையும் விபத்து, வன்முறை, போர் போன்ற அதிர்ச்சிகளில் பலமுறை சோதிக்கப்பட்டு நின்றவை, அது உறுதி. பிரசவ அதிர்ச்சிக்கென்றே நடந்த ஆய்வுகள் எண்ணிக்கையில் குறைவு, அளவிலும் சிறியவை. முடிவுகள் நல்ல திசையில்தான் இருக்கின்றன, ஆனால் அதே கனத்தோடு பேச முடியாது. நினைவைத் தொடத் தொடங்கும் வாரங்களில் சிலருக்குக் கனவும் பதற்றமும் கூடும். அது சிறுபான்மையினருக்கே நடக்கிறது, அப்படிக் கூடியவர்களும் இறுதியில் தேறுகிறார்கள் என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. அவசர சிசேரியன் முடிந்த ஆறு மணி நேரத்துக்குள் 15 நிமிடம் டெட்ரிஸ் என்ற வீடியோ விளையாட்டை விளையாடிய தாய்மார்களுக்கு அந்த வாரத்தில் காட்சிகள் குறைவாக வந்தன என்று 2017-இல் ஓர் ஆய்வு வந்தது. 56 பேர் கொண்ட சிறிய ஆய்வு. ஆர்வத்தைத் தூண்டுகிறது, அதற்குமேல் சொல்ல முடியாது. உங்களுக்கு அந்த நேரம் கடந்துவிட்டது என்பதால் அதைப் படித்துவிட்டு வருந்தவேண்டாம்.

தள்ளிப்போட்டால் என்ன ஆகும்? முதல் சில மாதங்களில் தானாகத் தேறுபவர்கள் பலர். ஐந்து மாதம் ஆகியும் குறையவில்லை என்றால், காத்திருந்தால் சரியாகும் என்ற வாய்ப்பு குறைந்துகொண்டே போகிறது. பிறகு போனாலும் பலன் உண்டு. பத்து வருடம் கழித்து வந்து குணமானவர்களும் இருக்கிறார்கள், ஆகவே கதவு மூடிவிடும் என்று பயமுறுத்தமாட்டேன். ஆனால் அந்தக் காலம் முழுவதும் யாருடையது? குளிப்பாட்டும் நேரம் உங்கள் கையைவிட்டுப் போய்க்கொண்டிருக்கிறது. அடுத்த குழந்தை வேண்டுமா என்ற முடிவைப் பயமே எடுத்துவிடுகிறது. ‘என் நிலைமையால் குழந்தையின் பாசப்பிணைப்பு கெட்டுவிடுமா’ என்று கேட்பீர்கள்; ஆய்வுகள் இதில் ஒரே குரலில் பேசுவதில்லை. அறிகுறிகள் இருந்தும் குழந்தையோடு நன்றாக ஒட்டியிருக்கும் தாய்மார்கள் நிறையப் பேர். எட் ட்ரோனிக் என்ற உளவியலாளர் தாயும் சேயும் விளையாடுவதைப் பதிவுசெய்து பார்த்தபோது, நல்ல ஜோடிகளிலேயே இருவரும் ஒத்திசைந்திருந்த நேரம் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவுதான். மீதி நேரம் தவறிப்போவதும் திரும்பச் சேர்வதுமாகவே இருந்தது. குளிப்பாட்டும்போது ஒரு நிமிடம் எங்கோ போய்விட்டுத் திரும்பி வந்து ‘என்னடா’ என்று கேட்கிறீர்களே, அந்தத் திரும்பி வருவது குழந்தைக்குப் போதுமானது.

சரி, எப்போது தள்ளிப்போடச் சொல்வேன்? இரவில் தொடர்ந்து நான்கு மணி நேரம்கூடத் தூங்க வழியில்லாதபோது, வீட்டில் அடி உதை இருக்கும்போது, மனச்சோர்வு எழுந்து நடமாட முடியாத அளவுக்கு இருக்கும்போது முதலில் அவற்றைச் சரிசெய்துவிட்டுத்தான் நினைவு வேலை. தற்கொலை எண்ணம் வந்தால் தள்ளிப்போடுவது அல்ல, அன்றே உதவி. அதுபோல, பல நாள் தூக்கமே தேவைப்படாமல் அதீத உற்சாகம், குழப்பம், இல்லாத குரல் கேட்பது, குழந்தையைப் பற்றி விசித்திரமான உறுதியான நம்பிக்கை, இவை பிரசவத்துக்குப் பிந்தைய சைக்கோசிஸ். 1,000 பிரசவத்தில் ஒன்றிரண்டு. பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்தில் வரும். அது அவசர சிகிச்சைக்கு உடனே கொண்டுபோகவேண்டிய நிலை. நீங்கள் எழுதியதில் அதன் சாயல் எதுவும் இல்லை. ஆனால் இதைப் படிக்கும் வேறொருவருக்கு அது தேவைப்படலாம்.

இதோடு சேர்த்து, நீங்கள் எழுதாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் யாரும் எழுதமாட்டார்கள். குழந்தையைக் கீழே போட்டுவிடுவேனோ, தண்ணீரில் அழுத்திவிடுவேனோ என்று ஒரு மின்னல் எண்ணம் வந்து உடம்பே நடுங்கியிருந்தால், அது உங்களைக் கொடியவளாக்கவில்லை. வேண்டுமென்றே தீங்கு செய்வது போன்ற எண்ணம் புதிய தாய்மார்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஒருமுறையாவது வருகிறது. அதைக் கண்டு அருவருத்து, கத்தியை எடுத்து ஒளித்துவைக்கிற தாயிடம் எனக்குப் பயமில்லை. சைக்கோசிஸில் அந்த அருவருப்பு இருக்காது, எண்ணம் நியாயமாகவே தோன்றும், வேறுபாடு அங்கேதான். இதைத் தெரபிஸ்டிடம் முதல் நாளே சொன்னால் பல மாதப் பாரம் இறங்கும்.

மருந்து பற்றிச் சுருக்கமாக. சி.பி.டி., இ.எம்.டி.ஆர் கிடைக்காவிட்டாலோ, மனச்சோர்வும் பலமாக இருந்தாலோ மனநல மருத்துவர் செர்ட்ரலின் போன்ற மருந்தைத் தரலாம். அது தாய்ப்பாலில் மிகக் குறைவாகவே கலக்கிறது, அதனால் பாலூட்டுபவர்களுக்கு முதல் தேர்வாக அடிக்கடி வருகிறது. பாலை நிறுத்தினால்தான் மருந்து என்று யாராவது சொன்னால் இன்னொரு மருத்துவரிடமும் கேளுங்கள். ஒரு ரத்தப் பரிசோதனையும் கேளுங்கள்: பிரசவத்துக்குப் பின் தைராய்டு தடுமாறுவதும், ரத்தம் நிறையப் போனதால் வரும் சோகையும் இதே படபடப்பையும் சோர்வையும் தரக்கூடியவை. அறிகுறி மனதில் தெரிகிறது என்பதற்காக உடம்பைப் பார்க்காமல் விடக்கூடாது.

உங்கள் கணவரைப் பற்றி ஒரே வரிதான் எழுதியிருக்கிறீர்கள்: ‘அவர் அதைப் பற்றிப் பேசவே மாட்டேன் என்கிறார், வேலை வேலை என்று இருக்கிறார்.’ நீங்கள் அக்கறையின்மை என்று எடுத்துக்கொண்டிருக்கிறீர்களோ என்று தோன்றுகிறது. அன்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஆபத்தில் இருந்ததைக் கதவுக்கு வெளியே நின்று பார்த்தவர் அவர். பிரசவ அதிர்ச்சி நோய் ஆண்களில் சுமார் 100-க்கு ஒருவருக்கு வருகிறது. மனச்சோர்வோ குழந்தை பிறப்பையொட்டி தகப்பன்மார்களில் 10-இல் ஒருவருக்கு. அவர்களிடம் அது அழுகையாக வருவது குறைவு. எரிச்சலாகவும், வேலைக்குள் ஒளிவதாகவும், பேச்சை மாற்றுவதாகவும் வரும். ‘ஏன் பேசமாட்டேன் என்கிறீர்கள்’ என்று கேட்பதைவிட, ‘அன்றைக்கு வெளியே உங்களிடம் யார் என்ன சொன்னார்கள்?’ என்று கேட்டுப்பாருங்கள். என் அறையில் இந்தக் கேள்விக்குப் பல ஆண்கள் பதில் சொல்ல ஆரம்பித்து, பாதியில் எழுந்து ஜன்னல் பக்கம் போயிருக்கிறார்கள். மனைவிக்கு அதுவரை தெரியாத நேரக் கணக்கும் விவரமும் அந்தப் பதிலில்தான் இருந்தது.

தெரபிஸ்டைத் தேர்ந்தெடுக்கும்போது பெயர்ப்பலகையைப் பார்க்காதீர்கள், நான்கு கேள்வி கேளுங்கள். பி.டி.எஸ்.டி.க்கு எந்த முறையில் பயிற்சி எடுத்தீர்கள்? பிரசவம் சம்பந்தமாக எத்தனை பேரைப் பார்த்திருக்கிறீர்கள்? நினைவு வேலையை எப்போது, எப்படித் தொடங்குவீர்கள்? பலன் இருக்கிறதா என்று எப்படி அளப்பீர்கள்? இதற்குத் தெளிவாகப் பதில் சொல்பவர் இளையவராக இருந்தாலும் போங்கள். ‘முதலில் மன்னித்துவிடுங்கள்’, ‘பாசிட்டிவாக நினையுங்கள்’ என்று ஆரம்பிப்பவராக இருந்தால் வேறு இடம் பாருங்கள். நேரம்தான் கஷ்டம் என்றால் வீடியோ வழியாகவும் இந்தச் சிகிச்சை நடக்கிறது, பலனும் நேரில் பார்ப்பதற்கு நெருக்கமாகவே இருக்கிறது. ஏலர்ஸ் குழுவினர் 2014-இல், வாராவாரம் மூன்று மாதம் செய்வதை ஏழு நாளில் அடர்த்தியாகச் செய்துபார்த்தார்கள். பலன் ஏறக்குறைய சமமாக வந்தது. அப்படி ஓர் ஏற்பாடு எங்கும் கிடைத்துவிடாது, கைக்குழந்தையோடு எல்லோராலும் முடியவும் முடியாது. ஆனால் வருடக்கணக்கில் இழுக்கும் வேலை அல்ல இது என்பதற்காகச் சொல்கிறேன்.

உடைந்துபோக நேரமில்லை என்றீர்களே, அதற்கு நடைமுறையில் நான் செய்யும் ஏற்பாடு இது. நினைவு வேலை இருக்கும் நாள் வாரத்தில் ஒன்று. அதை வீட்டில் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி குறித்துவைப்போம். அமர்வு 90 நிமிடம் என்றால் கடைசி 20 நிமிடம் நினைவைப் பற்றிப் பேசமாட்டோம். மூச்சு, அடுத்து வீட்டில் என்ன வேலை, இரவுக்கு யார் என்று நிகழ்காலத்துக்கு வந்துவிடுவோம். அன்றிரவு முதல் பாலூட்டலுக்குப் பிறகு அடுத்த ஐந்து மணி நேரம் வேறொருவர் பொறுப்பு. கணவரோ, அக்காவோ, அம்மாவோ, யாராக இருந்தாலும் அந்த ஐந்து மணி நேரத்தை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். பாலைப் பீய்ச்சிவைத்தால் நல்லது. ‘ஏதாவது உதவி வேண்டுமா’ என்று கேட்பவர்களிடம் இந்த ஒன்றைத்தான் கேளுங்கள். இந்த ஏற்பாடு இருந்தபோது, மறுநாள் குழந்தையைப் பார்க்க முடியாமல் போனவர் என்னிடம் வந்தவர்களில் அரிது. பெரும்பாலோர் சொல்வது அலுப்பு, தலைவலி, கூடவே ஒரு நாள் நன்றாகத் தூங்கியது.

குழந்தையை அழைத்துப் போகலாமா என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். முதல் அமர்வுகளுக்குத் தாராளமாக. அழுதால் நிறுத்துவோம், பால் கொடுங்கள், டயப்பர் மாற்றுங்கள், நாங்கள் காத்திருப்போம். இதற்கு முகம் சுளிக்கிற தெரபிஸ்ட் புதிய பெற்றோரோடு வேலை செய்யப் பழகாதவர். நினைவுக்குள் போகும் மூன்று நான்கு அமர்வுகளுக்கு மட்டும் குழந்தை வேறொருவர் மடியில், முடிந்தால் பக்கத்து அறையிலேயே இருக்கட்டும். உங்கள் கவனம் இரண்டாகப் பிரியக்கூடாது என்பதற்காக. அமர்வு முடிந்து கதவைத் திறந்ததும் கையில் வாங்கிக்கொள்ளலாம். முதல் அழைப்பில் என்ன சொல்வது என்று தயங்கினால் இதைச் சொல்லுங்கள்: ‘ஐந்து மாதத்துக்கு முன் பிரசவம், குழந்தை அழவில்லை, அந்தக் காட்சி தினமும் வருகிறது, கைக்குழந்தை இருக்கிறது, எப்போது வரலாம்?’